கேட்டால் கொடு

எல்க் ரன், அயோவா
ஜூன் 10, 1991

என் அருமை மருமகளே, ரோண்டா,

போன் செய்தேன், வைத்துவிட்டாய். மறுபடி செய்தேன், மறுபடி வைத்துவிட்டாய். நீ போனை வைத்த வேகத்தில் என் காது ஜவ்வு கிழிந்து, ஐரீன் அத்தை கூப்பிடுவதுகூட இப்போதெல்லாம் கேட்பதில்லை. அந்த ஒரு நன்மைக்கு உனக்கு நன்றி. இனி தபால்காரனே கதி என்று பேனாவை எடுத்துவிட்டேன்.

சனிக்கிழமை நடந்ததை உலகம் எப்படிப் பேசும் என்று எனக்குத் தெரியும். பந்தயத்தின் இருபது சுற்றும் முடிந்து, நீ முதலாவதாக வந்து, பார்வையாளர் மேடைப் படிகளுக்கு முன்னால் காரை நிறுத்தி, தலைக்கவசத்தைக் கழற்றி, சேறு அப்பிய முகத்தில் பல் மட்டும் வெள்ளையாகச் சிரித்துக்கொண்டு நிற்கிறாய். அந்த நேரம் பார்த்து ஒரு கிழவன் தன் காரிலிருந்து இறங்கி, வழுக்கி வழுக்கி ஓடுபாதையைக் கடந்து வந்து, கொடிக்காரர் கையில் ஆயிரத்து ஐநூறு டாலரை வைத்து, "இந்த எஞ்சின் எனக்கு" என்கிறான். அந்தக் கிழவன் உன் சொந்தத் தாய்மாமன்.

அப்போது எழுந்த அமைதி இருக்கிறதே, மூன்று மாவட்டம் தள்ளி ஒரு பசு அசைபோட்டது எனக்குக் கேட்டது. அதன் பிறகு நீ என் மேல் எறிந்த பன்றி இறைச்சி சாண்ட்விச் தலைகாணி அளவு இருந்தது. பட்ட இடத்தில் வீக்கம். கடுகுச் சாறு இன்னும் காதுக்குள் இருக்கிறது. அதையும் மன்னித்தேன்.

ஆனால் மருமகளே, விதி என்பது விதி. ஆறு வருஷத்துக்கு முன்னால், செலவு தாங்காமல் நம்மைப் போன்றவர்களால் ஸ்பிரின்ட் கார் என்ற மண்பாதைப் பந்தயக் காரை ஓட்டவே முடியாது என்று ஆகிவிட்ட காலத்தில், சிக்கன வகுப்பு என்று ஒரு பந்தயப் பிரிவை ஆரம்பித்து, அதற்குக் 'கேட்டால் கொடு' விதியை என் சமையலறை மேஜையில் சோளக்கதிரைக் கடித்தபடி எழுதியவன் நான். கடைசிவரை ஓடி முடித்த எந்த ஓட்டுநரும் ஆயிரத்து ஐநூறு கொடுத்து, ஜெயித்தவனின் எஞ்சினைக் கேட்கலாம். அவன் கொடுத்தே ஆகவேண்டும். மாட்டேன் என்றால் வருஷம் முழுக்க வெளியே. அதனால்தான் எந்தப் பணக்காரனும் இருபதாயிரம் டாலர் எஞ்சினோடு நம் பக்கம் தலைகாட்டுவதில்லை. பத்துக் கட்டளைகளையும் அரசியலமைப்புச் சட்டத்தையும் ஒரு தட்டில் வை, என் விதியை மறு தட்டில் வை, தராசே உடையும்.

வீக்கம் வடிந்ததும் மறுபடி எழுதுகிறேன்.

இப்படிக்கு,
எல்க் ரன் மண்பாதையின் நிரந்தர நாலாம் இடத்து மன்னன்,
கேட்டால்-கொடு விதியின் தந்தை,
சாண்ட்விச் தாக்குதலில் உயிர் தப்பிய வீரன்,
உன் மாமன் லீலண்ட்


ஜூன் 15

மாமா,

உங்கள் விதி எனக்கு மனப்பாடம். இன்னொன்றும் மனப்பாடம். இந்த ஆறு வருஷத்தில் ஒருவர்கூட அதைப் பயன்படுத்தியதில்லை. யாராவது கேட்கலாம் என்ற பயம் போதும், கேட்கவே தேவையில்லை என்று ஒவ்வொரு வருஷமும் கூட்டத்தில் எழுந்து நின்று சொன்னது நீங்கள்தான். முதல்முறையாகக் கேட்டதும் நீங்கள். கேட்டது என்னிடம்.

அந்த எஞ்சின் வெள்ளத்தில் மூழ்கிய சின்ன லாரியில் இருந்தது. பழைய இரும்புக் கடையில் தவளை குடியிருந்தது அதற்குள். சாலைத் துறைப் பட்டறையில் என் வேலை முடிந்த பிறகு, குளிர்காலம் பூராவும் அங்கேயே நின்று அதைச் செய்தேன். பிஸ்டன்களைத் தபால் நிலையத் தராசுக்கு எடுத்துப்போய் எடை பார்த்து, எட்டும் சமமாகும்வரை ராவினேன். தபால்காரி என்னைப் பைத்தியம் என்றாள். விலை உயர்ந்த சாமான் ஒன்றுகூட அதில் கிடையாது. என் கை மட்டும்தான் அதில் போயிருக்கிறது. உங்கள் ஆயிரத்து ஐநூறு அந்த இரும்புக்குத் தகும். அந்தக் குளிர்காலத்துக்கு என்ன விலை என்று உங்கள் சமையலறை மேஜையில் எழுதினீர்களா?

இந்த வருஷப் பட்டம் எனக்கு வந்துகொண்டிருந்தது. வேறு எஞ்சின் என்னிடம் இல்லை. சனிக்கிழமைதோறும் அறுபது மைல் ஓட்டி வந்து உங்கள் எல்லோரோடும் சேறு தின்பதைத் தவிர எனக்கு வேறு வாழ்க்கையும் இல்லை. இது உங்களுக்குத் தெரியும்.

நான் ஏன் என்று கேட்டேன். நீங்கள் என் முகத்தைப் பார்க்கவில்லை. "விதின்னா விதி, கண்ணு" என்று கொடிக்காரரின் பூட்ஸைப் பார்த்துச் சொன்னீர்கள்.

ஏன் என்று மட்டும் எழுதுங்கள். காமெடி வேண்டாம்.

ரோண்டா


எல்க் ரன்
ஜூன் 20

அன்புள்ள ரோண்டா,

காமெடி வேண்டாம் என்கிறாய். மீனிடம் ஈரம் வேண்டாம் என்கிறாய். முயற்சி செய்கிறேன்.

உண்மையைச் சொல்லக்கூடாது என்று இருந்தேன். உன் மனசு நோகும். இருந்தாலும் கேள். கென்ட் புரூபேக்கர் இருக்கிறானே, தானியக் கிடங்கு புரூபேக்கரின் மகன், காலையில் பல் தேய்ப்பதற்கே ஆள் வைத்திருப்பவன். அன்றைக்கு அவன் வந்திருந்தான். சட்டைப்பை கர்ப்பிணி மாதிரி புடைத்திருந்தது. உன் எஞ்சினை வாங்கிக்கொண்டு போய்த் தன் பங்களா வாசலில் பூந்தொட்டியாக வைக்கப்போகிறேன் என்று பாப்கார்ன் கடையில் பீற்றியதை என் காதால் கேட்டேன். யாரையாவது ஏற்பாடு செய்து, ஓட்டுநர் ஒருவன் கையில் பணம் கொடுத்துக் கேட்கவைக்கப் போகிறான். நான் என்ன செய்வது? நீ கொடிக்கோட்டைத் தாண்டும்போதே முடிவெடுத்தேன். அந்நியன் கைக்குப் போவதைவிட அம்மாவின் தம்பி கைக்குப் போகட்டும். ஓடினேன். அறுபத்து நாலு வயதில் அப்படி ஓடியவன் அயோவா சரித்திரத்தில் கிடையாது. என் முழங்கால் இன்னும் ஓடுபாதையின் இரண்டாவது வளைவில்தான் கிடக்கிறது.

ஆகவே நான் திருடன் இல்லை, காவல்காரன். எஞ்சின் பத்திரம். பொறுத்திரு.

இப்படிக்கு,
கேட்டால்-கொடு விதியின் தந்தை,
உன் எஞ்சினின் காவல்தெய்வம்,
மாமன் லீலண்ட்


ஜூன் 28

மாமா,

ஜூன் எட்டாம் தேதி கென்ட் புரூபேக்கர் ஒமாஹாவில் தன் தம்பி கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழனாக நின்றுகொண்டிருந்தான். செய்தித்தாளில் படம் வந்திருக்கிறது. சட்டைப்பையில் பூ இருந்தது.

நீங்கள் பெரிசு பெரிசாகப் புளுகுவது எனக்குப் புதிதில்லை. சின்ன வயதில் உங்கள் மடியில் உட்கார்ந்து அதைக் கேட்டுத்தான் சிரித்தேன். நீங்கள் மிசௌரி ஆற்றைக் காரில் தாண்டிய கதையை இப்போதும் ஆட்களிடம் சொல்கிறேன். ஆனால் இது அந்த வகைப் புளுகு இல்லை. இது நான் சிரிப்பதற்காகச் சொன்னது இல்லை.

நீங்கள் கொடுத்த பணத்தை நான் தொடவில்லை. காபி டப்பாவில் போட்டு வைத்திருந்தேன். உங்கள் கடிதம் வந்த பிறகுதான் வெளியே எடுத்துப் பார்த்தேன். மாமா, அது உங்கள் பணம் இல்லை. ஒரு கட்டு நீல ரப்பர் பேண்டில் இருந்தது, செலரிக் கீரைக் கட்டுக்கு நம்மோடு ஓட்டும் நார்ம் டீட்மன் தன் மளிகைக் கடையில் போடும் ரப்பர் பேண்ட். இன்னொரு கட்டை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோக முடியவில்லை. கேலன் ஷூட்டியின் பன்றிக் கொட்டகையில் அரை மணி நின்ற எதுவும் வருஷக்கணக்கில் அப்படித்தான் நாறும். மற்ற கட்டுகள் யாருடையவை என்று தெரியாது.

நார்ம் கடைக்குப் போனேன். கல்லாமேல் அந்தக் கட்டை வைத்தேன்.

"இது உன்னோட ரப்பர் பேண்ட்தானே, நார்ம்?"

"செலரி வாங்குற வீட்ல எல்லாம் இருக்கும் அது."

"எங்க மாமா செலரி தின்னு நீ பாத்திருக்கியா?"

அவன் நிஜமாகவே யோசித்தான். அப்புறம், "ஊறுகாயைத் தவிர பச்சையா எதையும் அவரு தொட்டுப் பாத்ததில்ல" என்றான். பிறகு முகம் சிவந்து, "உன்மேல எங்களுக்கு ஒண்ணும் கோவம் இல்ல, ரோண்டா. மாமாவையே கேட்டுக்கோ" என்று சொல்லிவிட்டு, யாருமே இல்லாத பின்கட்டைப் பார்த்து "தோ வரேன்" என்று கத்திக்கொண்டே போனான்.

எங்களுக்கு என்றான். அந்த 'எங்களுக்கு' யார் யார்?

கேட்டுக்கொள்ளச் சொன்னான். கேட்கிறேன்.

ரோண்டா


எல்க் ரன்
ஜூலை 9

ரோண்டா,

உன் கடிதத்தை ஐரீன் படித்துவிட்டாள். படித்து முடித்ததும் போய் ருபார்ப் பை என்கிற இனிப்புப் பலகாரம் சுட்டாள். சுட்டதை எனக்குக் கொடுக்காமல் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தாள். கல்யாணமான நாளிலிருந்து இப்படி ஒரு தண்டனையை நான் கண்டதில்லை. ஆகவே எழுதுகிறேன்.

மே மாதம் நீ வரிசையாக ஜெயித்துக்கொண்டே இருந்தாய். திடலை நடத்தும் வயோலா என்னைக் கூப்பிட்டாள். சிக்கன வகுப்பில் பத்துக் காருக்குக் கீழே போனால் அதை எடுத்துவிட்டு, அந்த நேரத்தை ஒமாஹா பணக்கார வகுப்புக்குக் கொடுத்துவிடுவேன் என்றாள். அப்போது நம்மிடம் பதினாலு கார் இருந்தது. நான் மீசையை முறுக்கினேன். மறுநாள் நார்ம் கடைப் பின்கட்டில் நாலு பேர் என்னை உட்காரவைத்தார்கள். நார்ம், கேலன், இன்னும் இரண்டு பேர். பெயர் வேண்டாம், உன்னால் ஊகிக்க முடியும்.

கேலன்தான் பேசினான். "ரோண்டா இருந்தா நாங்க ரெண்டாவது எடத்துக்குத்தான் ஓட்டணும். அதுக்கு எதுக்கு டயரத் தேச்சுக்கிட்டு? ஆத்தங்கரைல ஒக்காந்து மீன் பிடிச்சா பொண்டாட்டியாவது சந்தோஷப்படுவா."

நாலு பேரும் காரை நிறுத்திவிடுவதாகச் சொன்னார்கள். பதினாலில் நாலு போனால் பத்து. இன்னும் ஒருவனுக்குச் சளி பிடித்தால் வகுப்பே முடிந்தது. வழி என்ன என்று கேட்டேன். உங்க விதி இருக்கே என்றார்கள். உங்களில் ஒருவன் கேளுங்களேன் என்றேன். யாருக்கும் தைரியம் இல்லை. நீங்க கேட்டா குடும்ப விஷயமாப் போயிரும், நாங்க கேட்டா சண்டையாப் போயிரும் என்றார்கள். பணத்தைச் சேர்த்துக் கொடுத்தார்கள். செலரி ரப்பர் பேண்டை நான் கவனித்திருக்க வேண்டும்.

இதற்குமேல் ஒன்று இருக்கிறது. எஞ்சினை வீட்டுக்குக் கொண்டுவந்து திறந்தேன். விதியை மீறிய ஏதாவது ஒரு திருட்டுச் சாமான் இருக்கட்டும், ஒரே ஒரு திருட்டுத் திருகாணியாவது இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டே திறந்தேன். இருந்தால் நான் செய்தது நியாயமாகிவிடும். ஒன்றும் இல்லை. அவ்வளவு சுத்தமான எஞ்சினை நான் பார்த்ததில்லை. ஞாயிற்றுக்கிழமைச் சட்டை போட்டுக்கொண்டு பார்க்க வேண்டிய எஞ்சின் அது. அப்படியே மூடினேன். பணக்காரனைத் தடுக்கப் போட்ட வேலியில் கெட்டிக்காரியை மாட்டிவிட்டேன் என்று அப்போதுதான் உறைத்தது.

அதை நான் ஓட்டமாட்டேன். தார்ப்பாய் போட்டுக் கோழிக் கொட்டகையில் வைத்திருக்கிறேன். சிவப்புக் கோழி அதன்மேல் ஏறி அடைகாக்கிறது. பக்கத்தில் போனால் கொத்துகிறது. எட்டு சிலிண்டருக்கும் எட்டுக் குஞ்சு பொரிக்கும் என்று நினைக்கிறேன், எல்லாம் ஒரே எடையில்.

மாமன் லீலண்ட்


ஜூலை 21

மாமா,

கேலனின் முன் அச்சு என்னுடையது. போன வருஷம் ஜூலையில் அவனுடையது வளைந்தபோது என் காரிலிருந்து கழற்றிக் கொடுத்துவிட்டு, அன்றைக்கு நான் ஓட்டாமல் வேலியோரம் உட்கார்ந்து பார்த்தேன். நார்மின் வலது பின் டயர் என்னுடையது. நீங்கள் பெயர் சொல்லாத இரண்டு பேரின் கார்ச் சட்டகங்களிலும் நான் வைத்த வெல்டிங் இருக்கிறது. எதையும் நான் திருப்பிக் கேட்டதில்லை. நம் வகுப்பு அப்படித்தான் நடக்கிறது, அப்படித்தான் நடக்கமுடியும் என்று நினைத்தேன்.

யாராவது ஒருவர் என்னிடம் வந்து, "நீ கடைசி வரிசையிலிருந்து கிளம்பு, ரோண்டா" என்று சொல்லியிருந்தால் கிளம்பியிருப்பேன். இரண்டு மூட்டை சிமென்ட்டைக் காரில் கட்டிக்கொள் என்றால் கட்டிக்கொண்டிருப்பேன். பிஸ்டனை எப்படிச் சமப்படுத்துவது என்று கேட்டிருந்தால் தராசையே கொண்டுவந்திருப்பேன். ஐந்து ஆண்கள் பின்கட்டில் உட்கார்ந்து யோசித்தும், என்னிடம் பேசலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

அந்த நாலு பேரைப் பற்றி எனக்குப் பெரிய வருத்தம் இல்லை. அவர்கள் தோற்று அலுத்தவர்கள். நீங்கள் நாலாம் இடத்திலேயே ஆறு வருஷம் சந்தோஷமாக ஓடியவர்.

கோழிக் கதை வேண்டாம். இனி எழுதவும் வேண்டாம்.

ரோண்டா


எல்க் ரன்
ஆகஸ்ட் 19

ரோண்டா,

எழுத வேண்டாம் என்றாய். எழுதாமல் இருந்தேன். அந்த நாட்களில் என் வாய்க்குள் அடைபட்ட வார்த்தைகளால் எனக்கு மூன்று கிலோ கூடிவிட்டது.

வகுப்பு சாகிறது. நான்தான் கொன்றேன். உனக்குச் சொல்லாமல் யாருக்குச் சொல்ல?

நீ போன பிறகு நார்ம் ஜெயித்தான். எல்லோருக்கும் சந்தோஷம் ஒரு வாரம். அடுத்த வாரமும் அவனே ஜெயித்தான். கேலன் இறங்கிப் போய்ப் பணத்தை நீட்டி நார்மின் எஞ்சினைக் கேட்டுவிட்டான். நார்ம் அடுத்தவன் எஞ்சினைக் கேட்டான். ஓங்கிய கைக்குத்தான் பயம். நான் அதை இறக்கிக் காட்டிவிட்டேன். அடித்தால் ஒன்றும் ஆகாது என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. இப்போது ஜெயிக்கவே பயப்படுகிறார்கள். கடைசிச் சுற்றில் முன்னால் போகிறவன் வேண்டுமென்றே வளைவில் வெளிப்பக்கமாக ஒதுங்கிப் பின்னால் வருபவனுக்கு வழிவிடுகிறான். போன வாரம் இரண்டு பேர் கொடிக்கோட்டுக்கு முன்னால் "நீ போ, நீ போ" என்று கைகாட்டிக்கொண்டு நின்றதைப் பார்த்து மேடையில் இருந்த சனம் காசைத் திருப்பிக் கேட்டது. நார்மின் மனைவியும் கேலனின் மனைவியும் தேவாலய விருந்தில் ஒரே உருளைக்கிழங்குச் சாலட்டை இரண்டு பக்கமும் நின்று தனித்தனிக் கரண்டியால் எடுக்கிறார்கள்.

இன்னும் கேள். கென்ட் புரூபேக்கர் நிஜமாகவே வந்துவிட்டான். நான் சொன்ன பொய் கார் வாங்கிக்கொண்டு வந்துவிட்டது. யார் ஜெயித்தாலும் போய்ப் பணத்தை நீட்டி எஞ்சினைக் கேட்கிறான். அவனுக்கு ஆயிரத்து ஐநூறு எல்லாம் பாப்கார்ன் செலவு. அவன் கிடங்கில் நம் எஞ்சின்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன. பணக்காரனை வெளியே வைக்க நான் செய்த கதவை அவன் உள்ளே வரப் பயன்படுத்துகிறான்.

வயோலா முடிவாகச் சொல்லிவிட்டாள். செப்டம்பர் ஏழாம் தேதி கடைசி ஓட்டம். அன்று பத்துக் கார் நிற்க வேண்டும். நின்றால் அடுத்த வருஷமும் உண்டு, இல்லையென்றால் ஒமாஹாக்காரர்களுக்கு. அடித்துப் பிடித்து எண்ணினால், என்னையும் சேர்த்து ஒன்பது.

நான் கேட்கத் தகுதி இல்லாதவன். வகுப்புக்காகக் கேட்கிறேன். எந்த ஓட்டை எஞ்சினாக இருந்தாலும் சரி, தள்ளுவண்டியாக இருந்தாலும் சரி, ஒருமுறை வா.

லீலண்ட் மாமா


(அஞ்சலட்டை)
ஆகஸ்ட் 27

வாயில் எத்தனை மணிக்குத் திறக்கும்?

ரோண்டா


எல்க் ரன்
செப்டம்பர் 10

ரோண்டா,

சனிக்கிழமை நீ எதுவும் சொல்லவிடவில்லை. இப்போது எழுதுகிறேன். படிப்பதும் கிழிப்பதும் உன் இஷ்டம்.

கடைசிக் கடிதம் எழுதிய வாரமே என் எஞ்சின் வெடித்துவிட்டது. உன்னிடம் சொல்லவில்லை. சொன்னால், அப்போ நீங்க எதை ஓட்டுவீங்க என்று கேட்பாய். நீயும் நானும் சேர்ந்தால்தான் பத்து. வேறு எஞ்சின் வாங்க வழி இல்லை. வெள்ளிக்கிழமை கோழியை விரட்டிவிட்டு உன் எஞ்சினை எடுத்து மாட்டினேன். மெதுவாக, வேலியோரமாக, கடைசி ஆளாக ஓட்டி முடித்துவிடுவேன், யாருக்கும் தெரியாது என்று நினைத்தேன். அது உண்மை. மற்றதைச் சொல்கிறேன்.

நம் கார்களைத் தள்ளிக் கிளப்பும் லாரி என்னை முட்டித் தள்ளி எஞ்சின் உயிர் பிடித்ததுமே, எதிர்வரிசையில் நின்ற நீ தலையைத் திருப்பினாய். அந்தச் சத்தம் உனக்குத் தெரியாதா? நான் கையசைத்தேன். நீ அசைக்கவில்லை.

பத்தாவது சுற்றில் முன்னால் இருந்த இரண்டு பேர் மோதிக்கொண்டு சுழன்றார்கள். நான் நடுவில் புகுந்து வெளியே வந்தேன். வந்தால் எனக்கு முன்னால் யாரும் இல்லை.

ரோண்டா, முப்பது வருஷம் இந்த மண்ணில் ஓட்டியிருக்கிறேன். எப்போதும் எவனோ ஒருவன் டயர் கிளப்பும் சேறு என் முகத்தில் அடித்துக்கொண்டே இருக்கும். தலைக்கவசக் கண்ணாடியில் ஒட்டிய மெல்லிய பிளாஸ்டிக் தாளைக் கிழிக்கக் கிழிக்க மறுபடி சேறு. அன்றைக்கு எதுவும் அடிக்கவில்லை. விளக்கு வெளிச்சத்தில் ஈரமண் முழுசாக, பளபளவென்று, என் ஒருவனுக்காக விரித்து வைத்த மாதிரி கிடந்தது. முதலாவதாகப் போகிறவனுக்கு இவ்வளவு தெளிவாகத் தெரியும் என்று எனக்குத் தெரியவே தெரியாது. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலைத் தூக்க நினைத்தேன். மூன்றாவது வளைவில் தூக்கிவிடலாம், நாலாவதில் தூக்கிவிடலாம் என்று ஒவ்வொரு சுற்றும் நினைத்தேன். கால் வரவில்லை. உன்னிடமிருந்து எதை எடுத்தேன் என்று அங்கேதான் தெரிந்தது, தெரிந்த பிறகும் மிதித்துக்கொண்டே இருந்தேன்.

கொடிக்கோட்டைத் தாண்டி மேடைக்கு முன் நிறுத்தினேன். சனம் எழுந்து நின்று கத்தியது. வயோலா அழுதாள். ஒரு பக்கம் கென்ட் சட்டைப்பையைத் தடவிக்கொண்டு நடந்து வந்தான். மறு பக்கம் நீ, எங்கேயோ தேடிப் பிடித்த ஓட்டை எஞ்சினோடு மூன்றாவதாக முடித்த காரிலிருந்து இறங்கி, கையில் காபி டப்பாவோடு ஓடிவந்தாய். கென்ட்டுக்கு ஓடிப் பழக்கம் இல்லை.

நீல ரப்பர் பேண்டைப் பார்த்ததும் நார்ம் தொப்பியைக் கழற்றினான். கேலன் தன் பூட்ஸைப் பார்த்தான். கொடிக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு பணத்தை வாங்கினார். நான் ஏதாவது வேடிக்கையாகச் சொல்வேன் என்று எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள்.

"இந்த எஞ்சின் எனக்கு" என்று நீ சொன்னாய். நான் சொன்ன அதே வார்த்தை. என் முகத்தைப் பார்த்துச் சொன்னாய்.

அந்தப் பணத்தை நாலு பேருக்கும் பிரித்துக் கொடுத்துவிட்டேன். எல்லோரும் வாங்க மாட்டோம் என்றார்கள். ஐரீன் அவர்கள் கையில் திணித்தாள்.

பத்துக் கார் நின்றது. வகுப்பு பிழைத்தது. என் வாழ்க்கையில் ஒரே ஒரு முறை ஜெயித்தேன், அதையும் வெளியே சொல்ல முடியாது.

லீலண்ட்


செப்டம்பர் 17

மாமா,

நான் வகுப்புக்காக வரவில்லை. உங்களுக்காகவும் வரவில்லை. அங்கே போனால் எனக்கு ஓட்டத் தோன்றுகிறதா இல்லையா என்று பார்க்க வந்தேன். தோன்றியது. அதைக்கூட உங்களால் எடுக்க முடியவில்லை என்பது எனக்கு நிம்மதி.

ஒமாஹாவிலிருந்து கூப்பிட்டார்கள், பணக்கார வகுப்பில் ஒருவரின் காரை ஓட்டுவதற்கு. மாட்டேன் என்றேன். அங்கே எஞ்சினைத் தொட எனக்கு உரிமை கிடையாதாம், ஓட்ட மட்டும்தானாம்.

நவம்பர் கூட்டத்துக்கு வருவேன். கேட்டால் கொடு விதியை எடுத்துவிட வேண்டும் என்று நார்ம் சொல்வான். நான் கூடாது என்பேன். எடுத்தால் அடுத்த ஏப்ரலில் கென்ட் இருபதாயிரம் டாலர் எஞ்சினோடு வருவான். விதி இருக்கட்டும். அதோடு ஒரு வரி சேர்க்கச் சொல்வேன். கேட்கிறவர், அது சொந்தப் பணம் என்று கொடிக்காரரிடம் சத்தியம் செய்ய வேண்டும். பிறகு அவர் கையில் மைக்கைக் கொடுக்க வேண்டும். ஏன் கேட்கிறேன் என்று மேடையில் இருக்கும் சனத்துக்கும், ஜெயித்தவர் முகத்தைப் பார்த்தும் அவர் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு எஞ்சினை எடுத்துப் போகலாம்.

ஜூன் எட்டாம் தேதி உங்கள் கையில் மைக் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள் என்று யோசித்துப் பார்த்தேன். எதுவும் சொல்லியிருக்க முடியாது. திரும்பிப் போயிருப்பீர்கள். என் குளிர்காலம் எனக்கே இருந்திருக்கும்.

கூட்டத்தில் எப்போதும்போல் உங்கள் பக்கத்தில் எனக்கு இடம் போட்டு வைக்க வேண்டாம். நான் எதிரே உட்காருகிறேன். எதிரே உட்கார்ந்தால்தான் முகம் தெரியும். அத்தையின் ருபார்ப் பை மட்டும் என் பக்கத்துக்கு வரட்டும்.

எஞ்சினை நேற்று பிரித்தேன். ஒரு திருகாணியைக்கூட நீங்கள் மாற்றவில்லை. எல்லாம் நான் வைத்தபடி இருக்கிறது. மேல்பகுதிப் பள்ளத்தில், எண்ணெயில் ஒட்டிக்கொண்டு, கொஞ்சம் வைக்கோலும் ஒரு சிவப்பு இறகும் இருந்தன. இந்தக் கோடையில் நீங்கள் எழுதியதில் நான் துளியும் நம்பாதது அந்தக் கோழியைத்தான்.

இறகை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். நான் பணம் கொடுத்து வாங்கியது எஞ்சின் மட்டும்தான்.

ரோண்டா